பத்து ஞாயிறு, ஒரு தொலைந்த எஸ்: வேலூரில் நான் போன இங்கிலீஷ் இலக்கண வகுப்பு

வகுப்பின் பெயரை எழுதப் போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி பாராட்டும் பாதி திட்டுமாக வரப்போகிறது, திட்டுக்காக யாரும் ராணிப்பேட்டை வரை வண்டியை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம். காட்பாடிப் பக்கம், மாடியில் வகுப்பு, கீழே ஜெராக்ஸ் கடை. இந்த அடையாளத்துக்கு ஊரில் எத்தனையோ இடம் பொருந்தும். அங்கே எது நன்றாக இருந்தது, எது உருப்படவில்லை என்று தெரிந்தால் நீங்கள் சேரப்போகிற எந்த வகுப்பையும் எடை போட்டுவிடலாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையர்களோடு மெயிலில் பேசி ஆர்டரைக் கவனிக்கிறவன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வேலைக்கு வந்த நாளிலிருந்து இங்கிலீஷ் மெயில்தான் சோறு போடுகிறது, ஆனால் அந்த இங்கிலீஷ் முழுக்க முன்னால் இருந்தவர் எழுதிவைத்துவிட்டுப் போன மெயில்களைப் பார்த்துப் பார்த்து அடித்தது. 'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு', 'கைண்ட்லி டு த நீட்ஃபுல்' என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் ஒரு நாள் நின்றது.

இங்கிலாந்து பையர் ஒருவருக்கு அனுப்பிய லாட்டில் சோல் பிரிகிறது என்று புகார். அடுத்த லாட்டில் ஒவ்வொரு ஜோடியையும் சரிபார்த்த பிறகுதான் பெட்டியில் போடணும் என்று எங்கள் குவாலிட்டி மேனேஜர் ஒற்றைக்காலில் நின்றார். அதைத்தான் நான் எழுதினேன்: 'த குவாலிட்டி மேனேஜர் இன்சிஸ்ட்ஸ் தட் எவ்ரி பேர் இஸ் செக்டு.' மறுநாள் பதில் வந்தது. ரொம்ப சந்தோஷம், செக் பண்ணின ரிப்போர்ட்டை அனுப்புங்கள் என்று. லாட் அப்போதுதான் தையலுக்கே ஏறியிருந்தது. ரிப்போர்ட்டுக்கு எங்கே போவது? 'நீதானய்யா செக் பண்ணியாச்சுன்னு எழுதியிருக்க' என்று எம்.டி. மெயிலைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் போட்டார். நான் எங்கே எழுதினேன், நான் செக் பண்ணணும் என்றுதானே எழுதினேன் என்று எனக்குக் குழப்பம். ஆபீஸில் ஒருவருக்கும் தப்பு எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. ஸ்பெல்லிங் சரி, கிராமர் செக்கரில் போட்டால் அதுவும் சரி என்கிறது. அந்த வாரமே வகுப்பில் பணம் கட்டிவிட்டேன்.

ஞாயிறு காலை 10 மணியிலிருந்து 12.30 வரை, பத்து வாரம், 4,500 ரூபாய். 'மெட்டீரியல்' தனியாக 600, 'சர்டிபிகேட்' தனியாக 300. இந்த இரண்டையும் சேரும்போது சொல்லவே இல்லை. அதைப் பற்றிப் பிறகு. பதினான்கு பேர் இருந்தோம். வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்கிற, மருத்துவத் துறைக்காரர்களுக்கான இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கிற நர்சுகள் நான்கு பேர் (வேலூரில் எந்த இங்கிலீஷ் வகுப்புக்குப் போனாலும் நர்சு இல்லாமல் இருக்காது), பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள், ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண், மேல்விஷாரத்திலிருந்து லெதர் கெமிக்கல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர். பாய்க்கு என்னைவிட வயது அதிகம், முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் எழுதுவார்.

பாடம் எடுத்தவர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆன ஒரு அம்மா. மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். மூன்றாவது வாரம் போர்டில் 'மூட்' என்று எழுதிவிட்டுத் திரும்பினார். பின்னால் ஒரு பையன் சிரித்தான். 'இன்னாப்பா, மூடு அவுட்டா?' என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் சொன்னது எனக்குப் புதிது. மூடு சரியில்லை என்று நாம் சொல்கிற மூடும் இலக்கணத்து மூடும் வேறு வேறு குடும்பமாம். மனசைக் குறிக்கிற மூடு பழைய இங்கிலீஷிலேயே இருந்த சொல். இலக்கணத்து மூடு லத்தீன் 'மோடஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது, முறை, பாங்கு என்று அர்த்தம். இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கப்போய் எழுத்தும் ஒன்றாகிவிட்டது. வினைச்சொல்லை எந்தப் பாங்கில் சொல்கிறோம் என்பதுதான் விஷயம்: நடந்ததைச் சொல்கிறோமா, செய் என்கிறோமா, நடக்கணும் என்கிறோமா, நடக்காததை நடந்த மாதிரி வைத்துப் பேசுகிறோமா.

அடுத்து அவர் செய்ததுதான் இந்த வகுப்புக்கு நான் கொடுத்த காசுக்கு வட்டியோடு சரி. இங்கிலீஷை அழித்துவிட்டு போர்டு முழுக்கத் தமிழில் எழுதினார். போ, போங்க, போயேன், போகட்டும், போகலாம், போகணும், போக, போனால், போயிருந்தால், போயிருப்பேன். எழுதிவிட்டு ஒவ்வொன்றையும் யாரிடம் எப்போது சொல்வீர்கள் என்று கேட்டார். ஒருவரும் யோசிக்கக்கூட இல்லை, சரசரவென்று பதில் வந்தது. 'போயேன்' என்றால் கெஞ்சலும் இருக்கு, கொஞ்சம் அலுப்பும் இருக்கு என்றாள் ஒரு நர்சு. 'போகட்டும்' என்பதை மாமியார் மாதிரி சொன்னால் அர்த்தமே வேறு என்றாள் ஆடிட்டர் ஆபீஸ் பெண். 'இவ்வளவும் உங்க வாய்லயே இருக்கு. இங்கிலீஷ்காரன் கிட்ட வினைக்குப் பின்னால இப்படி ஒட்ட வால் இல்லை, அதனால எதையாவது கழட்டிக் காட்டுவான். எதைக் கழட்டினான்னு பார்க்கத் தெரிஞ்சா முடிஞ்சது' என்றார் மேடம். எனக்கு அந்த ஒரு வரிக்கே 4,500 போதும்.

இண்டிகேட்டிவ் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நடந்தது, நடக்கிறது, நடக்கும் என்று உள்ளதை உள்ளபடி சொல்வது, கேள்வியும் அதிலேயே அடக்கம். பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார், அதுவே அதிகம்.

இம்பரேட்டிவ், நம் ஏவல், அதற்கு ஒரு வாரம் முழுசாகப் போனது. போகவேண்டியதுதான். நமக்கு மரியாதை வினையிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. 'கையைத் தூக்குங்க' என்று நர்சு சொன்னால் அந்த 'ங்க'வில் பணிவு உட்கார்ந்திருக்கிறது. 'லிஃப்ட் யுவர் ஹேண்ட்' என்றால் தூக்கு, தூக்குங்க இரண்டுக்கும் அதுவேதான், பணிவு வைக்க இடமே இல்லை. ப்ளீஸ் சேர்த்தாலும் அது ப்ளீஸ் போட்ட உத்தரவு. அதனால் அவர்கள் கட்டளையைக் கேள்வியாக மாற்றிவிடுகிறார்கள், 'குட் யூ லிஃப்ட் யுவர் ஹேண்ட் ஃபார் மீ' என்று. ஓ.இ.டி. பேச்சுப் பரீட்சையில் நோயாளியோடு பேசுகிற மாதிரி இரண்டு காட்சி நடிக்கணும். அதில் நம் ஊர்ப் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள் என்றார் மேடம். அவர்கள் முரட்டுத்தனமாகப் பேசவில்லை, தமிழில் யோசித்து 'ங்க'வை மட்டும் வழியில் தொலைத்துவிடுகிறார்கள். இரண்டு நர்சுகளை நிற்கவைத்து நடிக்கவைத்தார். பாய் நோயாளி. 'டேக் டீப் பிரெத்' என்று ஒரு பெண் சொன்னதும் பாய் பயந்துபோய் மூச்சையே நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து என் பழைய மெயில்களைத் திறந்து பார்த்தேன். 'சென்ட்', 'கன்ஃபர்ம்', 'அரேஞ்ச்', 'ரிவர்ட்' என்று ஒவ்வொரு வரியும் வினைச்சொல்லில் ஆரம்பிக்கிறது. எதிரில் இருக்கிறவர் என்னை என்ன நினைத்திருப்பார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நம் 'சாப்பிடுங்களேன்' மாதிரி உபசாரத்துக்கும் ஒன்று இருக்கிறது, 'டூ ஹேவ் சம்' என்று முன்னால் ஒரு 'டூ' போடுவார்கள். அது எனக்குப் பிடித்துவிட்டது, வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சப்ஜங்டிவ், அதாவது நடக்கணும் என்பதையும் நடக்காததையும் சொல்கிற பாங்கு, அதுதான் நான் தேடிவந்த சாமான். அதை மேடம் ஆரம்பித்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆட்டோ பின்னால் என்ன எழுதியிருக்கும் என்று கேட்டார். பிரசவத்துக்கு இலவசம் என்றான் ஒருவன். அதுக்குக் கீழே? 'காட் பிளஸ் யூ.' சரி, காட் என்பது ஒருமை, ஹி மாதிரி, அப்போ 'பிளஸ்ஸஸ்' என்று எஸ் சத்தம் வரணுமே, ஏன் வரவில்லை? வகுப்பு அமைதி. எத்தனை வருஷமாக அந்த ஆட்டோக்களுக்குப் பின்னால் கிரீன் சர்க்கிளில் சிக்னலுக்கு நின்றிருக்கிறேன், ஒரு நாளும் தோன்றவில்லை. எஸ் போட்டால் 'கடவுள் ஆசீர்வதிக்கிறார்' என்று செய்தி ஆகிவிடும். எஸ்ஸை எடுத்தால் 'ஆசீர்வதிப்பாராக'. பள்ளிக்கூடத்தில் வியங்கோள் வினைமுற்று என்று மனப்பாடம் செய்தோமே, வாழ்க, வருக, ஒழிக, அதே சமாசாரம். நாம் 'க' போட்டுக் காட்டுவதை அவர்கள் எஸ்ஸைக் கழட்டிக் காட்டுகிறார்கள். 'லாங் லிவ்' என்பது வாழ்க. அதில் எஸ் இல்லாததும் இதனால்தான்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் இதற்கென்று தனி விகுதிகள் இருந்தனவாம். காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து ஒன்றோடு ஒன்று கலந்து போயின, மிஞ்சியது இந்தத் தொலைந்த எஸ்ஸும், 'இஸ்'ஸுக்குப் பதில் வருகிற 'பி'யும், 'வாஸ்'ஸுக்குப் பதில் வருகிற 'வேர்'உம்தான். 2002-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட பெரிய இங்கிலீஷ் இலக்கணம் ஒரு படி மேலே போய், அந்த 'வேர்' ஒன்றைத் தவிர இன்றைய இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு மூட் விகுதி என்று எதுவுமே கிடையாது என்கிறது. சப்ஜங்டிவ் என்பது அவர்கள் கணக்கில் வாக்கியத்தின் அமைப்பு, வினைச்சொல்லின் வடிவம் இல்லை. மேடம் இதையும் சொன்னார், அங்கேயே நிற்காமல் அடுத்ததுக்குப் போய்விட்டார். அது நல்லதாய்ப் போயிற்று.

இனி என் மெயில். கையோடு கொண்டுபோன பிரிண்டைக் கொடுத்தேன். ஒரு பார்வைதான் பார்த்தார், 'இஸ்' என்ற சொல்லை வட்டமிட்டு மேலே 'பி' என்று எழுதினார். 'இன்சிஸ்ட்' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. உண்மை இதுதான் என்று அடித்துச் சொல்வதும் அதுதான், இப்படித்தான் நடக்கணும் என்று பிடிவாதம் பிடிப்பதும் அதுதான். எது என்று பின்னால் வருகிற வினைதான் காட்டிக்கொடுக்கும். 'எவ்ரி பேர் இஸ் செக்டு' என்றால் ஒவ்வொரு ஜோடியும் சரிபார்க்கப்படுகிறது என்று மேனேஜர் சத்தியம் செய்கிறார். 'எவ்ரி பேர் பி செக்டு' என்றால் சரிபார்க்கணும் என்று நிற்கிறார். தமிழில் இந்தக் குழப்பம் வரவே வராது. 'பார்க்கிறாங்கன்னு சொல்றார்', 'பார்க்கணும்னு சொல்றார்', ஒரு குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும்.

மருத்துவமனைக்கு இதைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நர்சுகளுக்கு ஒரு வாக்கியம் கொடுத்தார். 'த டாட்டர் இன்சிஸ்ட்ஸ் தட் ஹெர் மதர் டஸ் நாட் டேக் த நைட் டோஸ்.' அம்மா ராத்திரி மாத்திரையைப் போடுவதே இல்லை என்று மகள் புகார் சொல்கிறாள். இதில் 'டஸ்'ஸை எடுத்துவிட்டு 'ஹெர் மதர் நாட் டேக்' என்று எழுதினால், அம்மாவுக்கு ராத்திரி மாத்திரை கொடுக்கக்கூடாது என்று மகள் அடம்பிடிக்கிறாள். ஒரே ஒரு சின்னச் சொல். டியூட்டி மாறும்போது அடுத்து வருகிறவர் எதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? ஓ.இ.டி. எழுத்துப் பரீட்சையும் இந்த மாதிரி ஒரு கடிதம்தான். 45 நிமிஷம், அதில் முதல் 5 நிமிஷம் குறிப்புகளைப் படிக்க மட்டும், பிறகு 180, 200 சொல்லில் டாக்டருக்கோ வேறொரு நர்சுக்கோ கடிதம். 'ரெகமண்ட்', 'சஜெஸ்ட்', 'ரிக்வெஸ்ட்' எல்லாம் அதில் வந்துகொண்டே இருக்கும். குடியாத்தத்திலிருந்து வருகிற பெண் அன்றைக்குத் தன் நோட்டில் 'டு, டஸ் வேண்டாம், நாட் மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதி மூன்று தடவை அடிக்கோடு போட்டாள்.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. 'தே' என்று பன்மையில் வந்தால் எஸ் முதலிலிருந்தே கிடையாது, எதைக் கழட்டுவது? 'ஹி இன்சிஸ்ட்ஸ் தட் தே டேக் இட்' என்றால் எடுக்கிறார்களா, எடுக்கணுமா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்போது 'ஷுட்' போட்டுவிடுங்கள் என்றார் மேடம். பிரிட்டிஷ்காரர்கள் ஒருமையிலும்கூட நிறையப் பேர் 'ஷுட்' போட்டே எழுதுகிறார்கள், சிலர் எஸ்ஸோடு சாதாரணமாகவே எழுதிவிடுகிறார்கள், எஸ் இல்லாத வெறும் வினையை அதிகம் புழங்குவது அமெரிக்கர்கள்தான். என் பையர் இங்கிலாந்துக்காரர். எனக்கு 'ஷுட் பி செக்டு' இன்னும் பத்திரம். இதுதான் சரி, மற்றது தப்பு என்று அடிக்காமல் யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டுவிட்டுச் சொன்னதை நான் மதிக்கிறேன்.

அன்றைய வகுப்பின் கதாநாயகி ஆடிட்டர் ஆபீஸ் பெண். கம்பெனிகளின் இயக்குநர் போர்டு தீர்மானம் டைப் அடிக்கும்போதெல்லாம் 'பி அண்ட் இஸ் ஹியர்பை ஆதரைஸ்டு' என்று வருகிறது, 'பி'யும் 'இஸ்'ஸும் சேர்ந்து ஏன் வருது, ஒன்றை அடித்துவிடலாமா என்று சாரைக் கேட்டால் 'அப்படியே டைப் பண்ணும்மா' என்கிறார் என்றாள். மேடம் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார், அவ்வளவு சந்தோஷம். இன்னாருக்கு அதிகாரம் அளிக்கப்படுக என்று தீர்மானிப்பது 'பி', அப்படித் தீர்மானித்த இந்த வரியாலேயே இதோ அளிக்கப்பட்டுவிட்டது என்பது 'இஸ்'. இரண்டு மூட் ஒரே மூச்சில். இத்தனை வருஷம் புரியாமல் டைப் அடித்த வரி அது, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்கணும்.

அப்புறம் 'வேர்'. இதற்குப் பாலாற்றை எடுத்தார். வேலூர்க்காரர்களைக் கிண்டல் செய்ய ஊரில் ஒரு வழக்கு உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமி விஷயம் 1981-லேயே தீர்ந்துவிட்டது, ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்தாயிற்று. ஆறு மட்டும் அப்படியே. 'பாலாற்றில் தண்ணீர் இருந்தால் நாம் லாரித் தண்ணீர் வாங்க மாட்டோம்' என்று தமிழில் சொல்லிவிட்டு, இந்த 'இருந்தால்' எந்த மாதிரி என்று கேட்டார். 'சட்டைப்பையில் பணம் இருந்தால் டீ வாங்கு' என்பதிலும் அதே 'இருந்தால்'. ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இன்னொன்று இல்லை என்று தெரிந்தே பேசுவது. நாம் இரண்டுக்கும் ஒரே உருவத்தை வைத்துக்கொண்டு சூழ்நிலையை வைத்துப் புரிந்துகொள்கிறோம். இங்கிலீஷில் இங்கேதான் பிரிவு. முதலாவது 'இஃப் யூ ஹேவ் மனி', இரண்டாவது 'இஃப் தேர் வேர் வாட்டர் இன் த பாலாறு'. இல்லாததைப் பேசும்போது அவர்கள் இறந்தகால உருவத்துக்கு ஓடுகிறார்கள், அதிலும் 'பி' வினை என்றால் ஒருமைக்கும் 'வேர்'.

இன்றைக்கு இல்லாத தண்ணீருக்கு எதற்கு இறந்தகாலம் என்று பாய் கேட்டார். நியாயமான கேள்வி. 'பாய், நாளைக்கு வந்தால்னு சொல்றீங்களே, வந்த என்பது எந்தக் காலம்?' என்று திருப்பிக் கேட்டார் மேடம். வந்த்-, போன்-, செய்த்-, எல்லாம் இறந்தகால அடி, அதன் மேல்தான் நம் 'ஆல்' ஏறுகிறது. நாளைக்கு நடக்கப்போவதற்கே நாம் நேற்றைய உருவத்தைப் போடுகிறோம், இங்கிலீஷ்காரனைப் பார்த்து ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. பாய் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

'இஃப்' வந்தாலே 'வேர்' என்று எழுதிவிடக் கூடாது, அதற்கும் பாலாறுதான் உதாரணம். 2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது, பார்த்தவர்களுக்கு மறக்காது. அப்போது வெளியூரில் இருந்த ஒருவன், 'அந்த மாதம் ஆற்றில் தண்ணீர் இருந்ததென்றால் கிணறு ஊறியிருக்கும்' என்று சொன்னால் அது இல்லாததைப் பேசுவது ஆகாது, நடந்திருக்கலாம் என்று கணக்குப் போடுவது. அதற்கு 'இஃப் தேர் வாஸ் வாட்டர்' தான் சரி. 'வேர்' போட்டால் தப்பு. இதைக் கவனமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திட்டு வரும்போது வேண்டும்.

பழைய கதையை இப்படி நடந்திருந்தால் என்று பேச, ஊரில் இருந்துகொண்டு 1806-ஐ விட்டால் எப்படி. ஜூலை 10, கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள், காலையில் ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார், அதோடு முடிந்தது. 'இஃப் கில்லெஸ்பி ஹேட் நாட் கம்' என்று போர்டில் எழுதிவிட்டு, மீதியை நீங்கள் முடியுங்கள் என்றார். பதினான்கு பேரும் பதினான்கு சரித்திரம் எழுதினோம். வராமல் இருந்திருந்தால், ஆகியிருக்கும் என்ற ஜோடி நம்மிடம் அச்சாக அப்படியே இருக்கிறது, அதனால் யாருக்கும் சிரமமே இல்லை. பையன் ஒருவன் கோட்டை நமக்கே இருந்திருக்கும் என்று எழுதினான், இப்போ மட்டும் யார்கிட்ட இருக்கு என்று கேட்டாள் பக்கத்தில் இருந்தவள்.

சரி, திட்டுக்கு வருகிறேன்.

600 ரூபாய் மெட்டீரியலை வாங்காதீர்கள். கட்டாயம் என்று கவுன்டரில் சொல்வார்கள், கட்டாயம் இல்லை, மேடம் அதைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. பத்து பைசா பெறாது. மூன்றாம் பக்கத்தில் மூட் மூன்று வகைப்படும் என்கிறது, பதினோராம் பக்கத்தில் ஐந்து. 'டு கோ' மாதிரி வருகிற இன்ஃபினிட்டிவையும் ஒரு மூடாகச் சேர்த்திருக்கிறார்கள். பழைய பள்ளி இலக்கணங்களில் மூன்று என்பார்கள், கேள்வியையும் கண்டிஷனலையும் தனியாக எண்ணுகிறவர்களும் உண்டு, எண்ணிக்கை எண்ணுகிறவரைப் பொறுத்தது என்று மேடம் நிதானமாகச் சொன்னார், ஆனால் ஒரே புத்தகத்துக்குள்ளேயே இரண்டு கணக்கு இருந்தால் பரீட்சைக்குப் படிக்கிற பையன் எதை எழுதுவான்? விடைப் பகுதி இன்னும் மோசம். 'ஐ சஜெஸ்டட் ஹிம் டு கோ' என்பதைச் சரி என்று போட்டிருக்கிறார்கள். சஜெஸ்ட் அப்படி வரவே வராது, 'ஐ சஜெஸ்டட் தட் ஹி கோ' என்றுதான் வரும், அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே இந்த வகுப்பே. 'இஃப்' வந்த இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'வாஸ்'ஸை 'வேர்' ஆக்கியிருக்கிறார்கள், பாலாற்றில் நிஜமாகவே வெள்ளம் வந்த மாதிரி வாக்கியத்தில்கூட. நான் பத்து பக்கத்தில் பென்சிலால் குறித்துக் கவுன்டரில் கொடுத்தேன். 'அடுத்த எடிஷன்ல பார்க்கலாம் சார்' என்றார்கள். ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் குத்தின கட்டுக்கு எடிஷன் வேறு.

ஒரு ஞாயிறு வேலூரில் ஒரு கல்யாணம், போகமுடியவில்லை. ஈடாகப் புதன்கிழமை மாலை வகுப்பில் உட்காரலாம் என்றார்கள். போனேன். அங்கே வேறு ஒரு சார், புரொஜெக்டர், ஸ்லைடு. 'சப்ஜங்டிவ் என்றால் விஷ், டவுட், ஃபியர், எழுதிக்கோங்க' என்றார். எழுதிக்கொண்டோம். உதாரணம் கேட்டால் அடுத்த ஸ்லைடு. ஆட்டோவும் இல்லை, ஆறும் இல்லை. அதே ஃபீஸ், அதே பெயர்ப்பலகை, இரண்டு வகுப்பும் ஒன்று என்று நம்பித்தான் பெற்றோர் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய மோசடி, 600 ரூபாய்கூட இல்லை.

மற்றதெல்லாம் சில்லறைக் குறை. ஏ.சி. என்று போர்டில் இருக்கும், ஓடி நான் பார்க்கவில்லை, மே மாதத்து வேலூரில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற அறையில் இரண்டரை மணி நேரம் என்பது என்ன என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வகுப்பின் வீடியோ தருகிறோம் என்றது வரவில்லை. வண்டி நிறுத்த இடம் இல்லை, ஜெராக்ஸ் கடைக்காரர் முறைப்பார். இடைவேளையில் எதிர்க்கடை டீயும் மசால் போண்டாவும் நன்றாக இருக்கும், அதற்கும் வகுப்புக்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

யார் போகலாம்? ஏற்கெனவே ஓரளவு எழுதுகிறவர்கள், வேலைக்காக எழுதுகிறவர்கள், நர்சுகள் கண்டிப்பாக. இங்கிலீஷ் பேசவே கூச்சம், முதலில் பேச்சு வரணும் என்கிறவர்களுக்கு இது சரிப்படாது, இங்கே பேசவைப்பது குறைவு. பேங்க் பரீட்சைப் பையன்கள் பாதியில் நின்றுவிட்டார்கள், அவர்களுக்கு வேண்டியது நாற்பது நொடியில் ஒரு விடை, இந்த அம்மா ஒரு எஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் எடுக்கிறவர். சேருவதற்கு முன்னால் எந்தக் கிழமை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டு, ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா என்று பாருங்கள். ஞாயிறு என்றால் விடுவார்கள். ஜன்னல் பக்கம் உட்காருங்கள், ஃபேன் அங்கேதான் வேலை செய்கிறது.

சர்டிபிகேட் நான் வாங்கவில்லை. ஏழாவது வாரம் அதே இங்கிலாந்து பையருக்கு அடுத்த லாட் பற்றி மெயில் போட்டேன். 'த குவாலிட்டி மேனேஜர் இன்சிஸ்ட்ஸ் தட் எவ்ரி பேர் ஷுட் பி செக்டு.' அனுப்புவதற்கு முன்னால் நான்கு தடவை படித்துப் பார்த்தேன். அன்றைக்கு மாலையே பதில் வந்தது, ஒரே வரி: நல்லது, எந்தத் தேதியில் செக் பண்ணுவீர்கள்?